இரண்டாவது தடவை

வேண்டாம் அம்மா, நீங்கள் சாப்பிடுங்கள். எனக்குப் பசியே இல்லை. காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

சரி, இவ்வளவு தூரம் சொல்கிறீர்கள். ஒரே ஒரு கை. இந்த மூடியிலேயே வைத்துவிடுங்கள். போதும், போதும், உங்களுக்கு வேண்டாமா? புளியோதரைதானே? நீங்கள் டப்பாவைத் திறந்தபோதே நல்லெண்ணெய் வாசனை வந்தது. இந்தக் கப்பலில் இப்படி ஒரு வாசனை வரும் என்று நான் நினைக்கவேயில்லை.

பார்த்தீர்களா, நீங்கள் இரண்டாவது தடவை கேட்டீர்கள். அதுதான் நம் ஊர். நீங்கள் போனில் பேசியது காதில் விழுந்துதான் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். "வச்சிரட்டுமா, வச்சிரட்டுமா" என்று எத்தனை தடவை கேட்டீர்கள்! அந்தப் பக்கம் இருந்தவர் விடவில்லை போலிருக்கிறது. தங்கச்சியா? நினைத்தேன். தஞ்சாவூர்ப் பக்கமா? எனக்குக் கோவில்பட்டி. கழுகாசலம் என்று பெயர். நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன்.

இந்த ஊரில் நான் யார் தெரியுமா? பேக்பேக்கர். சிரிக்காதீர்கள் அம்மா, உண்மை. முதுகில் மூட்டை தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிற பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்கள் தங்குகிற ஹாஸ்டலில்தான் நானும் தங்கியிருக்கிறேன். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கம். இந்தச் சிட்னியில் பார்க்க வேண்டியது எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். இந்த மான்லி கப்பலில் எத்தனை தடவை போய்த் திரும்பினேன் என்று எனக்கே கணக்கில்லை. போகிறேன், கடலைப் பார்க்கிறேன், அடுத்த கப்பலில் திரும்பி வருகிறேன். பொழுது போக வேண்டுமே.

என் மகளா? இந்த ஊரில்தான் இருக்கிறாள். வென்ட்வொர்த்வில். சென்ட்ரலில் ரயில் ஏறினால் நேராகப் போய் இறங்கலாம்.

மகள் இருக்கிற ஊரில் அப்பன் எதற்கு ஹாஸ்டலில் இருக்கிறான் என்று கேட்கிறீர்கள், அதானே? எல்லோரும் கேட்கிறார்கள். ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைகள்கூடக் கேட்டுவிட்டார்கள். அது ஒரு முறை அம்மா. உங்களுக்குச் சொன்னால் புரியும். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய் இறங்கிவிட முடியுமா? மாப்பிள்ளை என்ன நினைப்பார்? "எனக்கு வேறு இடம் இருக்கிறது, உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்று நாம் சொல்ல வேண்டும். "நம்ம வீடு இருக்கும்போது உங்களுக்கு ஹாஸ்டலா, நல்லா இருக்கே கதை" என்று அவர்கள் சண்டை போட வேண்டும். நாம் கொஞ்ச நேரம் பிடிவாதமாக இருக்க வேண்டும். பிறகு தோற்க வேண்டும். தோற்பதற்காகத்தான் அம்மா அந்த இடத்தைப் போட்டேன்.

எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் சொல்லித்தான் போட்டேன். "சிட்னியில ஏதாவது ஒரு ஹாஸ்டல்ல இடம் போடுப்பா" என்றேன். ஹாஸ்டல் என்றால் நமக்கு என்ன தெரியும்? ஒரு வார்டன் இருப்பார். மெஸ் இருக்கும். மணி அடித்தால் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கலாம். எப்படியும் நாம் அங்கே தங்கப் போவதில்லையே என்று நான் மேற்கொண்டு விசாரிக்கவும் இல்லை.

விமான நிலையத்துக்குச் செண்பகம் வந்திருந்தாள். செண்பகவல்லி, என் மகள். எங்கள் ஊர் அம்மன் பெயர். பேத்தி மகிழையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மாப்பிள்ளை வரவில்லை. அவருக்குப் பெரிய உத்தியோகம், நேரம் கிடைப்பதில்லை. செண்பகம் இளைத்திருந்தாள். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள், ஓடிக்கொண்டே இருந்தால் இளைக்காமல் என்ன செய்யும்?

காரில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டாள். "அப்பா, வீட்டுக்குப் போகலாமா?"

"எதுக்கும்மா உனக்குச் சிரமம்? நான் ஹாஸ்டல்ல இடம் போட்டுட்டேன்."

"ஹாஸ்டலா?"

"ஆமா. நான் ஊர் சுத்திப் பாக்கத்தான வந்திருக்கேன். டவுனுக்குள்ள இருந்தா அதுக்கு வசதி."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்து என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதற்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்பதும் விமானத்தில் வரும்போதே மனதில் தயாராக இருந்தது. இரண்டாவது தடவை கேட்டால் "மாப்பிள்ளைக்குத் தொந்தரவா இருக்கும்ல" என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கேட்டால் "நீ விடமாட்ட போலயே" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க வேண்டும்.

"சரிப்பா" என்றாள். "எந்தத் தெரு?"

அவ்வளவுதான் அம்மா. வண்டியை எடுத்துவிட்டாள்.

அங்கே போனால், முன்னால் இருந்த மேஜையில் காதெல்லாம் வளையம் குத்திய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "வார்டன் எங்கேம்மா?" என்று கேட்டேன். செண்பகம் இங்கிலீஷில் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "நான்தான் வார்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றாளாம். மெஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டதற்கு, சமையலறையைக் காட்டினாள். நாமே சமைத்து நாமே கழுவி வைக்க வேண்டுமாம். அப்போதுகூடச் செண்பகம் என் முகத்தைப் பார்த்தாள். "அப்பா, உங்களுக்கு இது சரிப்படுமா?" என்றாள். "நான் பாக்காத ஹாஸ்டலா" என்று சொல்லிவிட்டேன். நான் ஹாஸ்டல் பக்கமே போனதில்லை. படித்ததெல்லாம் உள்ளூர்ப் பள்ளிக்கூடம்.

எனக்குக் கிடைத்தது மேல் படுக்கை. கீழே ஒரு ஹாலந்துப் பையன் படுத்திருந்தான். பெயர் ரூபன். சத்தியமாக ரூபன்தான். எங்கள் மில்லில்கூட ஒரு ரூபன் இருந்தான், தூத்துக்குடிக்காரன். இவன் பனைமரம் மாதிரி இருக்கிறான். நல்ல பிள்ளை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "கீழே படுத்துக்கொள்கிறீர்களா, நான் மேலே போகிறேன்" என்று கையைக் காட்டிக் கேட்டான். மரியாதைக்கு "நோ, நோ" என்றேன். "ஓகே" என்று திரும்பிப் படுத்துவிட்டான்! இந்த வயதில் நான் ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் மேல் பெர்த் கிடைத்தால் டி.டி.ஆரிடம் கெஞ்சி மாற்றிக்கொள்வேன். இங்கே யாரிடம் கெஞ்சுவது?

எதிர்ப்படுக்கையில் ஒரு பெண்பிள்ளை. ஆமாம் அம்மா, அதே அறையில்தான். லாரிசா, பிரேசில் நாட்டுப் பெண். முதல் நாள் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன், கழுத்துப் பிடித்துக்கொண்டுவிட்டது. இதைச் செண்பகத்திடம் நான் சொல்லவில்லை. சொன்னால் சங்கடப்படுவாள்.

அந்தப் பிள்ளைகள் ஒரு சட்டி நிறைய நூடுல்ஸ் செய்வார்கள். ரூபன் கேட்பான், "மிஸ்டர் கழு, வேண்டுமா?" என் பெயர் அவன் வாயில் முழுதாக நுழையாது. நான் "நோ, தேங்க்யூ" என்பேன். "ஓகே" என்று உட்கார்ந்து என் கண்ணுக்கு முன்னாலேயே சட்டியை வழித்துச் சாப்பிடுவான். நான் பிரெட்டைப் பிட்டுத் தண்ணீரில் நனைத்துத் தின்பேன். ஒருநாள் லாரிசா அவனிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு பதில் சொன்னான். "அவர்தானே வேண்டாம் என்றார்?" என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அவனைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

ஆனால் செண்பகத்துக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் அம்மா. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அவளுக்கு நாலைந்து வயது இருக்கும். எங்கள் மானேஜர் வீட்டுக்குத் தீபாவளிக்குப் போயிருந்தோம். அந்த அம்மா அதிரசத் தட்டை நீட்டியதும், இவள் கையை நீட்டி எடுத்துவிட்டாள். எனக்கு மானம் போய்விட்டது. தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். திரும்பி வரும்போது நடந்துகொண்டே சொல்லிக் கொடுத்தேன்.

"யாரு எதைக் குடுத்தாலும் முதல்ல வேண்டாம்னு சொல்லணும்."

"எனக்கு வேணுமேப்பா."

"வேணும்னாலும் வேண்டாம்னுதான் சொல்லணும். அவங்க மறுபடி கேப்பாங்க. அப்ப வாங்கிக்கலாம்."

"கேக்கலன்னா?"

"கேப்பாங்க."

கற்பூரம் மாதிரிப் பிள்ளை. அதற்குப் பிறகு ஒருநாளும் முதல் தடவையில் எதையும் வாங்கியதில்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் "கழுகாசலம் பொண்ணு மாதிரி வளக்கணும்" என்று சொல்வார்கள். கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனபோதுகூட, அவளுக்குப் பிடித்த சேலையைக் கடைக்காரர் விரித்ததும் "வேண்டாம்ப்பா, இது எதுக்கு" என்றாள். நானும் சரியென்று அடுத்த சேலையை எடுக்கச் சொன்னேன். எவ்வளவு பொறுப்பு பாருங்கள்.

அப்படி வளர்ந்தவள் இந்த ஊருக்கு வந்து வெள்ளைக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டாள். நாம் வேண்டாம் என்று சொன்னால் அதோடு விட்டுவிடுகிறாள். என் மனைவி தெய்வானை காலமானபோது வந்திருந்தாள். காரியமெல்லாம் முடிந்து கிளம்புகிற அன்று கேட்டாள். "அப்பா, என்கூட வந்துருங்களேன்."

"எனக்கென்னம்மா, நான் இங்கயே இருந்துக்குவேன்" என்றேன்.

மதுரை விமான நிலையம் வரைக்கும் கூடவே போனேன். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகிற கதவு வரைக்கும் கேட்பாள், கேட்பாள் என்று பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய், திரும்பி நின்று பார்த்தாள். அப்போதாவது கையைக் காட்டிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். உள்ளே போய் என்ன செய்வது என்று தெரியவில்லை, அம்மா. மறுபடியும் பூட்டிவிட்டுப் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்திருந்தேன்.

தெய்வானை இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அவள் வேறு மாதிரி. நாகரிகம் தெரியாதவள் என்று நானே திட்டியிருக்கிறேன். இந்த மகிழ் பிறக்கிற சமயத்தில் நாங்கள் போனில் கேட்டோம், "வரட்டுமாம்மா?" என்று. "வேண்டாம்ப்பா, உங்களுக்கு எதுக்குச் சிரமம், இங்க ஆஸ்பத்திரியிலயே எல்லாம் பாத்துக்குவாங்க" என்றாள் செண்பகம். போனை வைத்ததும் தெய்வானை பெட்டியை எடுத்துத் தூசி தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"அவதான் வேண்டாம்னு சொல்லிட்டாளே" என்றேன்.

"அவ அப்படித்தாங்க சொல்லுவா. நீங்க டிக்கெட்டைப் போடுங்க."

"வேண்டாம்னு சொன்ன இடத்துல போய் நின்னா நல்லாவா இருக்கும்? மாப்பிள்ள என்ன நெனப்பாரு?"

"மாப்பிள்ள நெனக்கிறத மாப்பிள்ள நெனச்சிட்டுப் போறாரு. பிள்ள பெறப் போறது அவரா?"

பேச்சைப் பாருங்கள்! நான் டிக்கெட் போடவில்லை. ஒரு மாதம் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிரசவ லேகியம் கிண்டிப் பார்சல் அனுப்பினாள். அதுவும் வழியில் எங்கோ பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், செண்பகத்துக்கு இந்த ஊர்ப் பழக்கம் வந்துவிட்டது. நமக்கு அது வரவில்லை.

இந்த இடத்தில் கப்பல் கொஞ்சம் ஆடும், பிடித்துக்கொள்ளுங்கள். அதோ, அந்த இரண்டு பாறைக்கும் நடுவில்தான் பெரிய கடல். அந்தப் பக்கம் தாண்டிவிட்டால் சரியாகிவிடும்.

என்ன பார்த்தேன் என்று கேட்டீர்களே? பாலத்தைப் பார்த்தேன். அவ்வளவு இரும்பையும் ஒரு துரு இல்லாமல் வைத்திருக்கிறார்கள். ஹைட் பார்க் என்று ஒரு பூங்கா இருக்கிறது. அங்கே போய்த்தான் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பேன். எங்கள் பக்கம் கண்மாயில் அரிவாள்மூக்கன் என்று ஒரு பறவை வரும், வளைந்த மூக்கோடு. அதே பறவை இங்கே குப்பைத் தொட்டியில் தலையை விட்டு ரொட்டியை இழுத்துத் தின்கிறது. ஆள் விரட்டினால் இரண்டு அடி தள்ளிப் போய் நிற்கிறது. ஆள் போனதும் திரும்ப வருகிறது. ஒருநாள் நான் கையில் வைத்திருந்த பிரெட்டையே கொத்திக்கொண்டு போய்விட்டது. அதற்கு வெட்கமில்லை அம்மா. யாரும் வா என்று சொல்ல வேண்டியதில்லை. வயிறும் நிறைகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செண்பகமும் மகிழும் வந்து என்னை ஓபரா ஹவுஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். உடைத்த தேங்காய்ச் சில்லை அடுக்கி வைத்த மாதிரி இருக்கிறதே, அதுதான். படிக்கட்டில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். மகிழ் என்னோடு நன்றாக ஒட்டிக்கொண்டாள். பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ். "தாத்தா, யூ கம் டு மை ஸ்கூல்" என்றாள். "நெக்ஸ்ட் வீக் வேண்டாம். நெக்ஸ்ட் வீக் நான் அப்பா வீட்ல இருப்பேன்."

"அப்பா வீடா? அப்ப இப்ப இருக்கிறது?"

"அது அம்மா வீடு. அம்மா வீட்ல ஒரே ரூம்தான். நானும் அம்மாவும் ஒரே பெட். அப்பா வீட்ல எனக்குத் தனி ரூம்."

"மகிழ், ஐஸ்கிரீம் உருகுது பாரு" என்றாள் செண்பகம்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? இரண்டு வீடு! இந்த ஊரில் ஒரு வீடு வாங்குவதே கஷ்டம் என்கிறார்கள். மாப்பிள்ளை கெட்டிக்காரர். ஒரு வீட்டைத் தன் பேரிலும் ஒரு வீட்டைச் செண்பகம் பேரிலும் வாங்கியிருக்கிறார் போலிருக்கிறது. பேரைச் சொல்லித்தான் பிள்ளை அடையாளம் சொல்கிறது. "நல்லதும்மா, மாப்பிள்ள உன்ன நல்லா வச்சிருக்காரு, எனக்கு இது போதும்" என்றேன். செண்பகத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அங்கே கடல் காற்று எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்தாள்.

ஏன் அம்மா, சாப்பிடாமல் அப்படியே வைத்திருக்கிறீர்கள்? உங்களுக்கும் வீடு இருக்கிறதா இங்கே? வாடகையா? பரவாயில்லை, வாங்கிவிடலாம்.

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து மாப்பிள்ளையை நான் பார்க்கவேயில்லை. அது ஒன்றுதான் குறை. அவர் வாயால் "வாங்க மாமா" என்று ஒரே ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், இரண்டாவது தடவைகூட வேண்டாம், அப்படியே கிளம்பிவிடுவேன். போனில் "மாப்பிள்ளைகிட்ட குடேன், ரெண்டு வார்த்தை பேசுறேன்" என்று கேட்டேன். "அவரு இப்ப இங்க இல்லப்பா" என்றாள். எப்போது கேட்டாலும் அவர் அங்கே இல்லை. அப்படி உழைக்கிறவருக்கு இரண்டு வீடு ஏன் அம்மா வராது?

இன்னொன்று சொல்கிறேன், நீங்கள் சிரிக்கக் கூடாது. போன வாரம் பொழுது போகாமல், இந்த ஊர் ரயில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக ஏறினேன். அது வென்ட்வொர்த்வில் போகிற ரயில். சரி, ஏறியது ஏறிவிட்டோம், அந்த ஸ்டேஷன் எப்படி இருக்கிறது என்றும் பார்க்கலாம் என்று நினைத்தேன். இறங்கப் போகிற நேரத்தில் செண்பகத்துக்குப் போன் போட்டேன். "எங்கப்பா இருக்கீங்க?" என்றாள். "இங்கதான்மா, சும்மா ஊர் சுத்திக்கிட்டு இருக்கேன்" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ரயிலுக்குள் அந்த அறிவிப்புப் பெண் ஊர்ப் பெயரைக் கணீரென்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவளுக்குக் கேட்டிருக்காது. "சரிம்மா, வேல இருந்தா பாரு" என்று வைத்துவிட்டேன்.

பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நம் ஊர் முகமாக நிறைய பேர் போனார்கள். ஒரு வீட்டிலிருந்து தாளிக்கிற வாசனைகூட வந்த மாதிரி இருந்தது. பிறகு எதிர்ப்பக்கம் வந்த ரயிலில் ஏறித் திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் செண்பகம் கூப்பிட்டாள். "இன்னிக்கு ஸ்டேஷன் வரைக்கும் சும்மா நடந்து போனேன்ப்பா" என்றாள். குரல் மூச்சு வாங்கிய மாதிரி இருந்தது.

"நல்ல பழக்கம். நடந்தா உடம்புக்கு நல்லது" என்றேன்.

"பிளாட்பாரத்துல கொஞ்ச நேரம் நின்னேன்" என்றாள்.

"காத்து நல்லா வரும்" என்றேன்.

வேறு என்ன சொல்வது? நான் அங்கே வந்தேன் என்று சொன்னால், கூப்பிடாமலே வாசல் வரைக்கும் வந்துவிட்டானே என்று ஆகாதா?

நாளைக்கு எனக்கு விமானம். ஆமாம், நாளைக்கேதான். இன்றைக்கு ஒரு நாள்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வார்த்தை, "அப்பா, போக வேண்டாம், இங்கயே இருங்க." பெட்டியை ஹாஸ்டலில் கட்டி வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் சொன்னாலும் தூக்கிக்கொண்டு போகலாம். ஒரே அறை என்றாலும் எனக்கென்ன, நடையில் ஒரு பாயைப் போட்டுக்கொள்வேன். மகிழைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவேன். செண்பகம் வேலையிலிருந்து வரும்போது சோறு வடித்து வைத்திருப்பேன். தெய்வானை போன பிறகு நன்றாகச் சமைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பூட்டை மறுபடி போய்த் திறக்க வேண்டும் என்று நினைத்தால்தான்... சரி, விடுங்கள்.

என்ன சொன்னீர்கள்? நானா? நானே எப்படி அம்மா கேட்பது?

இல்லை, அது முறையில்லை.

நீங்கள் அவளைப் பார்த்ததில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் அவள் எதிர்பார்த்துக்கொண்டிருப்பாள் என்று?

என்ன அம்மா, கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறீர்கள்? எல்லோரும் பார்க்கிறார்கள். சரி. சரி, உங்களுக்காக. பெற்ற மகளிடம் கேட்பதில் என்ன வெட்கம் என்கிறீர்கள், அதுவும் சரிதான். இருங்கள், நம்பரைப் போடுகிறேன். மணி அடிக்கிறது.

ஹலோ... செண்பகமா? அப்பாதான்மா... சாப்பிட்டேன். புளியோதரை... கப்பல்ல ஒரு அம்மா குடுத்தாங்க, தஞ்சாவூர்க்காரங்க... இல்லம்மா, உடம்புக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்... எல்லாம் எடுத்து வச்சாச்சு... வந்து, செண்பகம்... நான் வேணும்னா அங்க வரட்டுமா?... இல்ல, வீட்டுக்கு... உன் வீட்டுக்குத்தான்... ம்... ம்... ஆமா... ஆமா, அதுவும் சரிதான்... சரிம்மா... இல்லல்ல, நான் ஒண்ணும் நெனச்சுக்கல, சும்மா கேட்டேன்... சரி... ம்... இருக்கியா?... சரிம்மா, வச்சிடுறேன்.

பார்த்தீர்களா அம்மா, நான் சொன்னேன் அல்லவா? "வேண்டாம்ப்பா, உங்களுக்கு எதுக்குச் சிரமம், வீடு வேற சின்னது" என்றாள். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. கேட்டுவிட்டோம், பதில் தெரிந்துவிட்டது. இனிமேல் நிம்மதியாக விமானம் ஏறலாம். குரல் கொஞ்சம் கம்மலாக இருந்தது, சளிப் பிடித்திருக்கும். வேண்டாம் என்று சொன்ன பிறகும் போனை வைக்காமலே இருந்தாள். மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்டது. வேலை நேரத்தில் அவளை எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது? அதனால் நான்தான் வைத்தேன்.

கரை வந்துவிட்டது. டப்பாவை மூடுங்கள், கொட்டிவிடும். புளியோதரை நன்றாக இருந்தது அம்மா.

மறுபடியும் கேட்கச் சொல்கிறீர்களா? இல்லை, இல்லை, போனை வாங்காதீர்கள். நீங்கள் பேசவும் வேண்டாம். அவள் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் இரண்டாவது தடவை கேட்டால் அவளைக் கட்டாயப்படுத்துகிற மாதிரி ஆகிவிடும். ஒரு தகப்பன் அப்படிச் செய்யலாமா? பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால், அந்த வார்த்தைக்கு நான் மதிப்புக் கொடுக்கிறவன், அம்மா.